பலகையில் ஒரு பிறை

பண்ணையில் வள்ளமேற வருவோரின் காதுகளில் இப்போது ஒரு சிறு கருவியை மாட்டிவிடுகிறார்கள். வாய்க்காலின் எந்த வளைவில் எதைப் பார்க்க வேண்டும் என்று, கொழும்பில் பதிவு செய்யப்பட்ட இனிய குரலொன்று சொல்லிக்கொண்டே வருகிறது. ஓய்வு பெற்ற பின் ஒரு நாள் நானும் பார்வையாளனாக ஏறி அதைக் கேட்டேன். சொற்களிற் பெரும்பாலானவை என்னுடையவை. குரல் மட்டுமே வேறு. "உங்கள் முன்னாலுள்ள இருக்கைப் பலகையின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு இருப்பதைக் காண்கிறீர்கள். அது எதற்காக வெட்டப்பட்டது என்பது இன்றுவரை எவரும் அறியாத புதிர்" என்றது அந்தக் குரல்.

கரையிறங்கியதும் இன்றைய வழிகாட்டிகள் இருவர் என்னை மறித்துக்கொண்டார்கள்.

"அண்ண, உள்ளதைச் சொல்லுங்க. அது ஏன் எண்டு உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப மெசின் ஏன் தெரியா எண்டு சொல்லுது?"

படித்துறையில் நின்றபடி விடை சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியல்ல அது. ஆகவே எழுதுகிறேன்.

கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே கிடக்கும் மணற்பட்டியில், வாவியைப் பார்த்த பக்கமாக அமைந்தது எங்கள் பண்ணை. தென்னந்தோப்பு, அதையடுத்து ஒரு துண்டு வயல், தடித்த சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட பழைய நெற்களஞ்சியம். களஞ்சியத்தின் வாசற்படியிலிருந்து வாவிவரை ஒரு வாய்க்கால் நீள்கிறது. முன்னொரு காலத்தில் நெல்மூடைகள் அதன் வழியே வள்ளத்தில் வாவிக்குப் போயின. போர்நிறுத்தம் வந்த காலத்தில் எங்கள் போடியார், அதாவது அந்த நிலத்துக்கெல்லாம் உடைமைக்காரர், களஞ்சியத்தை அருங்காட்சியகமாக்கினார். வாய்க்காலில் உல்லாசப் பயணம் தொடங்கினார். வருவோருக்கு விளக்கஞ்சொல்ல ஒரு நல்ல வாயைத் தேடினார். அந்த வாய் நான்.

அடக்கம் பேசி என்ன பயன்? மாவட்டத்தின் விவாத மேடைகளில் என் பெயரை அறிவித்தவுடனேயே எதிரணியில் ஒருவர் தண்ணீர் கேட்பார். ஒரே தலைப்பில் காலையில் ஆதரித்தும் மாலையில் எதிர்த்தும் பேசி, இரண்டிலும் கிண்ணம் வாங்கியவன் நான். பட்டம் பெற்று, செங்கலடிச் சந்தியில் தனியார் வகுப்பொன்றில் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது இந்த வேலை கிடைத்தது. பயிற்சி என்று சொல்லத்தக்கது முதல் நாளில் நடந்த ஒரு காட்சி மட்டுமே.

அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் பொன்மணி ரீச்சர். விஞ்ஞான ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பொருளை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். அன்று அவர் ஒரு பழைய நுகத்தடியை என் கையில் தந்து, "இதைப் பற்றிச் சொல்லும்" என்றார். உழவின் பெருமையில் தொடங்கி, உழுத எருதின் கண்ணீரில் தோய்ந்து, உண்பவனின் நன்றிகேட்டைச் சாடி முடித்தேன். கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தவும் செய்தேன்.

"முடிஞ்சுதா? இது என்ன மரம்?"

தெரியவில்லை.

"எங்க இருந்து வந்தது?"

கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் கூடுதலாத் தேய்ஞ்சிருக்கு?"

திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கம். அப்போதுதான் எனக்கே ஒரு கேள்வி பிறந்தது: வலப்பக்க மாடு இளைத்ததா, அல்லது உழவன் ஒரே பக்கமாகத் திருப்பித் திருப்பி உழுதானா?

"ஆ, இப்பதான் பேச்சாளர் வேலைக்கு வந்திருக்கிறார்" என்று ரீச்சர் நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். எந்தப் பொருளையும் அவர் அந்த மூன்று கேள்விகளால்தான் பதிவு செய்வார். அவற்றில் மூன்றாவதே அவருக்குப் பெரிது. "சாமான் பொய் சொல்லாது எண்டு நான் சொல்ல மாட்டன். எங்கட ஆக்கள் சாமானையும் பொய் சொல்ல வைப்பாங்கள். ஆனா தேய்ஞ்ச இடம் பொய் சொல்லிப் பழகல்ல" என்பார். வாய்க்காலை ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வெட்டியதாக எழுதும்படி போடியார் எத்தனையோ முறை மன்றாடினார். ரீச்சர் எழுதிய பலகை இன்றும் வாசலில் நிற்கிறது: "வாய்க்கால். மனிதரால் வெட்டப்பட்டது. வெட்டியவர் தெரியாது."

பிறகு, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, கடல் வந்தது.

மணற்பட்டியைத் தாண்டி, தோப்புக்குள்ளால் பாய்ந்து, வாவியை நிரப்பிவிட்டுத் திரும்பிப் போனது. ஊரின் இழப்பைச் சொல்லும் உரிமை அதில் உற்றாரை இழந்தவர்களுக்கே உண்டு. நான் பண்ணையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் இரு உல்லாச வள்ளங்களும் சிதறிப்போயின. களஞ்சியத்துச் சுளகுகள் தாழை மரங்களில் தொங்கின. வாய்க்காலின் மதகடியில் எங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு வள்ளம் கவிழ்ந்து செருகிக் கிடந்தது.

ரீச்சர் பொலிசுக்கு அறிவித்தார். கோவில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றின் ஒலிபெருக்கியிலும் சொல்லச் செய்தார். எவரும் வரவில்லை. கரையோரத்தில் எஞ்சியவர்கள் உறவினர் வீடுகளுக்கும் முகாம்களுக்கும் போய்விட்டிருந்தார்கள். மாதங்கள் கழிந்தபின் போடியார் காத்தான்குடியிலிருந்து காசிம் ஓடாவியாரை அழைத்தார். வள்ளத் தச்சில் பெயரெடுத்த கை அவருடையது. உடைந்த பலகைகளை மாற்றி, துளைகளை அடைத்து, வெளியும் உள்ளும் நீல வர்ணம் பூசி அவர் அதை எழுப்பித் தந்தார். அகலமும் ஆழமின்மையும் சேர்ந்த அந்த வள்ளம், எங்கள் ஆழமற்ற வாய்க்காலுக்கென்றே செய்தது போலிருந்தது. நிவாரணமாக வந்த இயந்திரப் படகுகள் அங்கே சேற்றைத்தான் கிளறின.

இருக்கைப் பலகையின் வலது ஓரத்திலிருந்த அந்தப் பிறை வெட்டை முதலிற் கண்டவர் ஓடாவியாரே. "இதை அடைக்கவா, உடவா?" என்று கேட்டார். விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ரீச்சர் விரலால் தடவிப் பார்த்து, "உடுங்க. எதுக்கோ வேணுமெண்டுதான் வெட்டியிருக்கு" என்றார்.

என் வாழ்வின் மிகச் சிறந்த மேடை அதுவாயிற்று. வள்ளம் முதல் வளைவைத் தாண்டியதும் நான் எழுந்து, அந்த வெட்டைக் காட்டி, வலப்பக்கம் இருப்பவர்களை ஓரணியாகவும் இடப்பக்கம் இருப்பவர்களை மற்றோரணியாகவும் நிறுத்தி வழக்காட விடுவேன். பாய்மரம் நாட்ட என்பார் ஒருவர். தண்ணீர்க் குடம் உருளாமலிருக்க என்பார் இன்னொருவர். ஆட்டை ஏற்றினால் கழுத்தைச் செருக என்று ஏறாவூர் வியாபாரி ஒருவர் சொன்னபோது, அவர் மனைவி, "உங்களைத்தான் செருகோணும்" என்றார். ஒருமுறை வாதம் முற்றி வலதணி முழுவதும் எழுந்துவிட, வள்ளம் சரிந்து எல்லோரும் நீருக்குள் நின்று என் முடிவுரையைக் கேட்டார்கள். போடியாரின் கட்சி என்றும் ஒன்றே: "ஒல்லாந்தர்ர பீரங்கி வைக்கிறதுக்கு."

பின்னர் வந்த யுத்த ஆண்டுகளில் ஆட்கள் குறைந்தார்கள். சில மாதங்கள் ஒருவரும் வரவில்லை. ஆயினும் இந்தப் புதிர் ஊர் கடந்து பரவியது. போடியார் நுழைவுச் சீட்டிலேயே அந்தப் பலகையின் படத்தை அச்சிட்டார். போர் முடிந்து பாதைகள் திறந்தபோது, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த பேருந்துகள் "வெட்டுப்பட்ட வள்ளம் எங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தன. எங்கள் எல்லோருடைய வேலையும் அந்த ஒரு வள்ளத்தில் மிதந்தது.

மண்டூர்க் கந்தசுவாமி கோவிலில் திருவிழா நடந்த சமயம். பனிச்சங்கேணியிலிருந்து மண்டூருக்குப் போகும் வான் வண்டியொன்று வழியில் எங்கள் பண்ணையில் நின்றது. சீட்டு வாங்கிய ஒரு பெண் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் சாந்தி. என்னைக் கண்டதும் கேட்டாள்:

"அண்ணன், இந்த வள்ளம் இப்பவும் கிடக்கா?"

"கிடக்கு. இந்த வெட்டு எதுக்கு எண்டு நீங்களும் யோசிச்சுச் சொல்லலாம்" என்று நான் வழக்கமான முன்னுரையைத் தொடங்கினேன்.

"யோசிக்க என்ன கிடக்கு? அது எங்கட அப்பாட கால் வைக்கிற இடம்."

அவள் சொன்னது இதுதான். தகப்பன் நல்லதம்பி எங்கள் மணற்பட்டியில், பண்ணைக்குச் சற்று வடக்கே இருந்து வாவியில் மீன் பிடித்தவர். ஷெல் துண்டொன்று பட்டு அவருடைய வலது முழங்கால் மடங்காமற் போயிற்று. மடங்காத காலை நீட்டியபடி அமர்ந்து துடுப்புப் போடுவதற்காக, முன்னாலிருந்த இருக்கைப் பலகையின் ஓரத்தில் அவரே பிறை வெட்டிக்கொண்டார். கடல் வந்த நாளில் வீடும் வள்ளமும் போயின. குடும்பம் தாயின் ஊரான பனிச்சங்கேணிக்குப் போயிற்று. அங்கும் சண்டை வந்து, முகாம்களில் அலைந்து, மீண்டும் ஊர் திரும்பியது. வேறு எந்த வள்ளமும் அந்தக் காலுக்கு ஒத்துவரவில்லை. கடல் வந்த நாளிலிருந்து அவர் தண்ணீரில் இறங்கவில்லை.

"அப்பா எங்க?"

"வானுக்குள்ள. இறங்கி நடக்க ஏலாது எண்டு அங்கயே இரிக்கார். நான் இன்னும் அவருக்குச் சொல்லல்ல. இல்லையெண்டு போனா மனிசன் தாங்காது."

போடியாரை அழைத்தோம். அவர் கல்நெஞ்சர் அல்லர். ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின் ஆட்கள் வரத் தொடங்கிய முதற் பருவம் அது. படித்துறையில் வரிசை நின்றது. அவர் என்னை ஓரமாக அழைத்து, "தம்பி, வெட்டு இருக்கு எண்டு ஆரும் சொல்லலாம். சீட்டிலயே படம் கிடக்கு. உன்ட வாயால இதை நீ ஊரெல்லாம் சொல்லிப்போட்டாய். இனி உன்ட வாயாலயே காப்பாத்து" என்றார்.

பேசினேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் நன்றாகவே பேசினேன். உலகறிந்த அடையாளம் உரிமைக்குச் சான்றாகாது என்றேன். காலை வைத்துக் காட்டினாலும் எவருடைய காலும் அந்தப் பிறைக்குள் அடங்கும் என்றேன். உண்மையான உடையவர் நாளை வந்து கேட்டால் யாரிடம் போய் வாங்குவது என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்களில் சிலர் தலையாட்டினார்கள்.

சாந்தி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "நல்லாக் கதைக்கிறீங்க அண்ணன். ஆனா உங்கட கதைக்குள்ள எங்கட அப்பாட காலை நீட்ட ஏலுமா?" என்றாள்.

 

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த ரீச்சர் களஞ்சியத்து நிழலிலிருந்து இறங்கி வந்து, "பேச்சாளர், வானுக்குப் போய் அந்த மனிசனிட்டக் கேளும். ஆனா உமக்கு விடை தெரிஞ்ச கேள்வி ஒண்டையும் கேட்காதயும். வெட்டைப் பற்றி மூச்சும் விடக்கூடாது. மகள் இஞ்சயே நிக்கட்டும்" என்றார்.

படித்துறையிலிருந்து வான் நின்ற வேப்பமரம்வரை நடந்தபோது நான் தேடியது அப்படியொரு கேள்வியை. விடையறியாமல் எதையும் கேட்காதே என்பது விவாதக்காரனின் முதற் பாடம். எந்தக் கேள்வியை எடுத்தாலும் அதன் பின்னே என் பதிலொன்று தயாராக நின்றது. கடைசியில் ரீச்சரின் மூன்றாவது கேள்விதான் மிஞ்சியது.

வானின் பின்னிருக்கையில், காலைக் குறுக்கே நீட்டி, வெற்றிலை மென்றபடி இருந்தார் நல்லதம்பி. என்னைத் தேநீர் கொண்டுவந்தவனாக எண்ணிக் கையை நீட்டினார். நான் அருகே அமர்ந்தேன்.

"ஐயா, முந்தி உங்கட்ட ஒரு வள்ளம் இருந்ததாமே. அதில எந்தெந்த இடம் தேய்ஞ்சிருந்தது?"

"தேய்ஞ்சது என்ட குண்டிதான். என்ன மனே, கணக்கெடுக்க வந்திரிக்காயா? போன சாமானுக்கு இப்ப என்ன கணக்கு?"

"சும்மா அறிய ஆசை."

 நல்லதம்பி கண்களை மூடிக்கொண்டார். அவருடைய வலது கை தானாக உயர்ந்து, தோளுக்குப் பின்னே காற்றில் எதையோ பற்றியது.

"குந்தலாம் மனே. குந்தினா ஒழும்புறதுதான் கரைச்சல். புறகால, வலப்பக்கம், உள் ஓரத்தில ஒரு தோல்வார் அடிச்சிருந்தன். மாட்டுத்தோல். மூண்டு ஆணி. ரெண்டு ஆணி எண்டா எளகிப் போகும். அதைப் புடிச்சி ஒரு எத்து எத்தினா ஒழும்பியிருவன். மரத்தில கை பட்டுப் பட்டு அதுக்குக் கீழ குழி விழுந்து போச்சு."

திரும்பி வந்து இதை அப்படியே சொன்னேன். எல்லோரும் வள்ளத்தைச் சுற்றி நின்று பார்த்தோம். பின்புறத்து வலது உள் ஓரத்தில் வார் இல்லை, ஆணி இல்லை, குழியும் இல்லை. நீல வர்ணம் மட்டுமே பளபளத்தது. பல ஆண்டுகளாக நாள்தோறும் ஏறி இறங்கிய எனக்கும் அங்கே எதையும் கண்ட நினைவில்லை.

"பாத்தியா? எங்க வார்?" என்றார் போடியார். அவர் முகத்தில் வெற்றி இருந்தது. அதனடியில் வேறொன்றும் இருந்ததென்று இப்போது தோன்றுகிறது. சாந்தி வள்ளத்தைப் பார்க்கவில்லை. வேப்பமரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரீச்சர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வள்ளத்துக்குள் முழந்தாளிட்டு, சாவியின் முனையால் அந்த இடத்தைச் சுரண்டலானார். நீலத்தின் கீழ் இன்னொரு நீலம். அதன் கீழ் வெள்ளையாக ஒரு பூச்சு. பூச்சு உதிர்ந்தபோது ஒரு துளை தெரிந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. பிறகு மூன்றாவது. அவற்றுக்குக் கீழே பூச்சு நெடுக உள்ளே போயிற்று. சுரண்டச் சுரண்ட, ஒரு கையின் பிடி அளவில் மரம் குழிந்து வந்தது.

மறுநாள் காசிம் ஓடாவியாரிடம் கேட்டபோது, "ஓம், அதில பள்ளமும் துளையும் கிடந்தது. அடைச்சித்தான் வர்ணம் பூசின. வெட்டை உடச் சொன்னீங்க, உட்டன். துளையைப் பற்றி ஒண்டும் சொல்லல்லயே" என்றார்.

அன்று படித்துறையில் போடியார் குனிந்து அந்தக் குழிக்குள் தன் விரல்களை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ன, ஒண்டும் பேசல்லயா?" என்று கேட்டார். நான் இல்லையென்று தலையசைத்தேன்.

"அப்ப நிண்டுகொண்டு என்ன செய்யிறாய்? போய் அந்த மனிசனைத் தூக்கிக்கொண்டு வா."

ஒரு கதிரையில் வைத்து நால்வராகத் தூக்கி வந்தோம். பாதி வழியில் வள்ளம் கண்ணிற் பட்டதும் அவர் மெல்லுவதை நிறுத்தினார். "ஆருடா இதுக்கு நீலம் அடிச்ச? கலியாண வீட்டுப் பெட்டகம் மாதிரிக் கிடக்கு" என்றார். ஏற்றிவிட முனைந்தபோது எங்கள் கைகளைத் தட்டிவிட்டார். ஓரத்தைப் பற்றி, இடுப்பைத் திருப்பி, அமர்ந்து, வலது காலை அந்தப் பிறைக்குள் நீட்டினார். கால் பொருந்திய இடத்தில் வழுவழுப்பு முழுவதும் மறைந்தது. பின்னால் கைபோட்டு வாரைத் தேடி, இல்லையென்று கண்டு, அந்தக் குழியைப் பிடித்துக்கொண்டார்.

வான் சாரதி அவசரப்படுத்தினான். மண்டூரில் மாலைப் பூசைக்கு நிற்க வேண்டுமாம்.

"நீங்க ரோட்டால போங்க. நான் தண்ணியால வாறன்" என்றார் நல்லதம்பி.

"அப்பா, நேர்த்திக்கடன் முடிச்சிற்று வந்து எடுப்பமே" என்றாள் சாந்தி.

"நேர்த்தியா? இவ்வளவு காலமும் நான் அங்க என்ன கேட்ட எண்டு நினைக்காய்? ஏறு புள்ள."

மண்டூரும் வாவிக்கரையில்தான் இருக்கிறது. சாந்தி ஏறிக்கொண்டாள். போடியார் களஞ்சியத்திலிருந்து ஒரு துடுப்பைத் தானே எடுத்து வந்து கொடுத்தார். அது காட்சிப்பொருள், ரீச்சர் தடுக்கவில்லை. வாய்க்காலைக் கடந்து, மதகைத் தாண்டி, வெயிலில் நீலம் தெரியாமற்போகும்வரை வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்குப் பணம் திருப்பிக் கேட்டவர் ஒருவருமில்லை.

அந்தப் பருவம் எங்களுக்குப் படுத்துவிட்டது. நான் வாய்க்கால் கரையில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய் விளக்கஞ்சொன்னேன். அடுத்த பருவத்துக்கு முன் போடியார் ஓடாவியாரிடம் புது வள்ளமொன்று செய்வித்தார். சீட்டில் படம் இருக்கிறதே, ஆகவே வெட்டும் வேண்டும் என்றார். ஓடாவியார் அந்தப் படத்தைப் பார்த்தே வெட்டினார். படம் வள்ளத்தின் முன்முனையிலிருந்து எடுக்கப்பட்டது. அவரோ பின்முனையிலிருந்து எடுத்ததாக எண்ணிக்கொண்டார். பிறை இடப்பக்கத்தில் விழுந்தது.

மறு வருடம் நல்லதம்பி வாவி வழியாக வந்து தன் வள்ளத்தைப் புதியதன் பக்கத்தில் கட்டினார். நீலத்தைச் சுரண்டி, தார்போன்ற கீல் பூசியிருந்தார். புதுத் தோல்வாரும் அடித்திருந்தார். எங்கள் பலகையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இது ஆருக்குடா? மற்றக் கால் போனவனுக்கா?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் கூடுதலாகச் சிரித்தேன்.

இளைய வழிகாட்டிகளே, நீங்கள் கேட்டதற்கு விடை இதோ. பழைய வெட்டு எதற்கென்று தெரியும். இப்போதுள்ள வெட்டு எதற்காகவும் வெட்டப்படவில்லை. ஆதலால் அதைப் புதிரென்று சொல்வது ஒருவகையில் சரியே என்று நானும் நெடுநாள் இருந்துவிட்டேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்பு ஓர் இளைஞன் வந்தான். நீள்காற்சட்டை, நடையில் ஓர் இழுப்பு. ஏறியதும் எங்கே அமர்வது என்று எல்லோரும் பார்ப்பது போல அவனும் பார்த்தான். இடப்பக்கம் போய், செயற்கைக் காலைக் கையால் தூக்கிப் பிறைக்குள் நீட்டிவிட்டு, வாய்க்காலைப் பார்க்கத் தொடங்கினான். அன்று நான் அணி பிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னும் அங்கே அப்படி அமர்ந்தவர்கள் இருந்தார்கள்.

ரீச்சர் இப்போது இல்லை. சென்ற வாரம் கருவியைக் காதிலிருந்து கழற்றிவிட்டு, அவர் வழக்கப்படி, அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன்.

தேயத் தொடங்கியிருக்கிறது.